ஆந்தைக்கோட்டையின் முதல் விதி

ஜூன் 4

நடத்துநர் அவர்களுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. நீங்கள் நலம் என்று எழுதினால் நானும் நம்பப் போவதில்லை. அதனால் அந்த வரியை இருவருமே விட்டுவிடலாம். தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடம் யாராவது ஒருவர் குரலை உயர்த்திவிடுகிறோம். போன தடவை மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று விசாரிக்கும்படி ஆகிவிட்டது. காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் ஆந்தைக்கோட்டை ஆட்டத்தை மறுபடி கொண்டுவரப் போகிறார்கள். நம்முடைய பழைய கம்பெனியை வாங்கியவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அதைத் திருத்தி, புதுப் பெட்டி போட்டு விற்க ஆசைப்படுகிறார்கள். இதற்கென்றே ஒரு பதிப்பாசிரியப் பெண்ணை வைத்திருக்கிறார்கள். சுறுசுறுப்பானவள். பெட்டியின் பின்பக்கத்துக்கு அவள் எழுதியதைப் படித்ததும் பரவாயில்லையே என்று தோன்றியது. "நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருங்கள். ஒருவர் திருடர், ஒருவர் வைத்தியர், ஒருவர் போர்வீரர். மிச்சமிருப்பவர் நடத்துநர்; கோட்டையும் அதிலுள்ள ஆபத்துகளும் அவர் வாயிலிருந்து வரும். என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்." நாம் இதையே நாலு பக்கத்துக்கு நீட்டி முழக்கியிருந்தோம்.

அவள் சொல்கிற திருத்தங்களில் பெரும்பாலும் நியாயம்தான். ஆட்டத்தில் வரும் ஆளை உருவாக்கவே ஒரு மணி நேரம் ஆகிறதாம். பத்து நிமிடத்தில் முடிய வேண்டுமாம். குகைவாசிகள் எல்லோரும் பிறவியிலேயே கெட்டவர்கள் என்று நாம் எழுதியதைப் பார்த்து, "ஒருத்தர்கூடவா மேடம் நல்லவர் இல்லை?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேசை நடுவில் ஒரு சிவப்பு அட்டை இருக்குமாம். கதை யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நடத்துநருக்கு முன்னால் ஒரு மறைப்பு அட்டை. அவர் பகடையை அதற்குப் பின்னால் உருட்டுவார். என்ன விழுந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தேவைப்பட்டால், ஒருவருடைய ஆள் அநியாயமாகச் சாகிற நேரத்தில், நடத்துநர் எண்ணை மாற்றிச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் நம் இருவர் பெயரும் இருப்பதால் விதியை மாற்ற நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

நம் வாண்டு போன பிறகு நான் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. இந்த வேலைக்காகத்தான் திறந்தேன். சீக்கிரம் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சட்டாம்பிள்ளை


ஜூன் 15

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து, பிரிக்காமல் ஒரு நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பழைய பெயரில் கூப்பிட்டிருக்கிறாய். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

இங்கே தகரக் கொட்டகைதான் ஆபீஸ், வீடு எல்லாம். மலையைக் குடைந்து சாலை போடுகிறார்கள். நான் நில அளவை எடுத்து வரைபடம் போட்டுக் கொடுத்தால், மழை வந்து மலையையே மாற்றிவிடுகிறது. மறுபடி அளக்கிறேன். சம்பளம் கொடுக்கிறவனுக்கே கவலை இல்லாதபோது எனக்கென்ன.

திருத்தங்களைப் படித்தேன். குகைவாசிகள் விஷயத்தில் அந்தப் பெண் சொல்வது முற்றிலும் சரி. அதை எழுதியவன் நான். சோம்பேறித்தனத்தில் எழுதியது. சிவப்பு அட்டை நல்ல யோசனை; நமக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஆள் தயாராவதும் எனக்குச் சம்மதம். தண்ணீர்த் தோல்பைக்கெல்லாம் எடை போட்டுப் பார்க்கச் சொன்னோமே, அதையும் தூக்கி எறியச் சொல். கதைக்கு நடுவில் ஆட்டக்காரர்களைக் கணக்குப்பிள்ளையாக்கி வைத்திருந்தோம்.

ஆனால் மறைப்பு அட்டைக்கு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆந்தைக்கோட்டையின் முதல் விதி என்ன? "பகடை எல்லோர் கண் முன்னாலும் உருளும், விழுந்தது விழுந்ததுதான்." அதை எழுதியது நீ. கல்யாணமான புதிதில் நான் நடத்துநராக இருந்தபோது உன் வைத்தியச்சிக்கு மட்டும் எந்த அம்பும் படாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் நீ கண்டுபிடித்துவிட்டாய். "எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலையில் மேசை மேல் அந்த விதி இருந்தது, அடிக்கோடு போட்டு. நமக்குள் நடந்த முதல் சண்டையில் பிறந்த விதி அது. மற்றது எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்கு மருந்து போடுகிறாயா?

உன்,
நடத்துநர்


ஜூன் 24

நடத்துநர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றே பதில் எழுதி, அன்றே கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

புதுப்பெண்ணாக இருந்தபோது வீம்பில் எழுதிய ஒரு வரியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறீர்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காயம் பட்டால் மறுநாள் வேறு ஆளை உருவாக்கிக்கொண்டு உட்காரலாம் என்று இருந்த காலம்.

நான் ஏன் இந்த அட்டைக்காக இவ்வளவு அடம் பிடிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி மூட்டு வலியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதனால் நானே பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ஆட்டத்தில், கட்டிலில் மாட்டுகிற சாப்பாட்டுப் பலகையில் கோட்டை வரைபடத்தை விரித்து வைத்திருந்தீர்கள். நான் ஜன்னல் ஓரத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாண்டின் திருடி, அந்த ஈர்க்குச்சி, பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறாள். நாலுக்கு மேல் எது விழுந்தாலும் அவள் அக்கரையில். இருபது முகம் உள்ள பகடையில் நாலுக்கு மேல் விழாதா என்ன. இரண்டு விழுந்தது.

உங்கள் கை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். இருமியிருக்கலாம். பலகை ஆடிவிட்டது, மறுபடி போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் உங்களைப் பார்த்தேன். வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே "விழுந்துட்டா" என்று சொன்னீர்கள். அவள் தன் கையாலேயே ஈர்க்குச்சியின் விவரம் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் விளையாடவே இல்லை. அதற்கு நாள் இருக்கவில்லை.

ஒரு குழந்தைக்காக ஒரு எண்ணை மாற்றிச் சொல்ல முடியாத மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்றுதான் உங்களைப் போகச் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒன்று கேட்கிறேன். அங்கே ஆட்களைச் சேர்த்து ஒரே ஒரு தடவை, பகடையை மறைத்து நடத்திப் பாருங்கள். சாகப் போகிறவன் ஒருவனைப் பிழைக்க வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லுங்கள், பார்க்கலாம்.

சட்டாம்பிள்ளை


ஜூலை 13

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

நீ சொன்னபடி செய்தேன். தட்டிக்கழிக்கவில்லை.

மழையில் வேலை நின்று எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர், ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அம்மாள், மெஸ் சமையல்காரர் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. ஸ்டோர் அம்மாள் மந்திரவாதியானாலும் எதையும் கணக்குப் பார்க்காமல் வெளியே விட மாட்டேன் என்கிறார். சமையல்காரர் டிராகனைப் பார்த்ததும் இது எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டார். பழைய ஃபைல் அட்டை இரண்டை ஒட்டி மறைப்பாக நிறுத்தியிருந்தேன்.

கிரேன்காரர் அதிகம் பேசாதவர். தன் போர்வீரனுக்கு ஒரு கால் ஊனம், ஊரில் இரண்டு பிள்ளைகள், அவர்களிடம் திரும்பிப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டாம் நாள் ஆட்டத்தில் காவல்காரன் ஈட்டியை எறிந்தான். அட்டைக்குப் பின்னால் உருட்டினேன். விழுந்த எண்ணுக்கு அந்தப் போர்வீரன் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். உன்னை நினைத்துக்கொண்டேன். தோளை உரசிவிட்டுப் போய்விட்டது என்று சொன்னேன்.

அவர் தொடர்ந்து ஆடினார். பிறகு டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், அந்த ஈட்டி பட்டுச்சா, படலையா?"

படவில்லை என்றேன்.

"உங்க மூஞ்சி பட்டுச்சுன்னுதான் சொல்லுது. நல்ல மனசோடதான் செஞ்சிருப்பீங்க. ஆனா இனிமே அவன் ஊர் போய்ச் சேர்ந்தா நான் எப்படி சார் சந்தோஷப்படறது?"

மறுநாள் அவர் வரவில்லை. கோபமில்லை, வழியில் பார்த்தால் வணக்கம் வைக்கிறார். ஆட்டம் மட்டும் நின்றுவிட்டது. ஒரு தடவை மறைத்தால் அதற்கு முன்னால் விழுந்ததும் பின்னால் விழப்போவதும் எல்லாமே சந்தேகமாகிவிடுகிறது. அவர் ஜெயித்ததைக்கூட நான் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன். என்னைத் திட்டு, ஆனால் எழுது.

உன்,
நடத்துநர்


ஜூலை 20

நடத்துநர் அவர்களுக்கு,

கிரேன் ஓட்டுகிறவர் மறுநாள் எழுந்து கிரேன் ஓட்டப் போவார். அவருக்கு நிஜம் வேண்டும், சரி, கொடுங்கள். அவளுக்கு மறுநாள் என்ன இருந்தது? ஊசிதானே. அந்த ஒரு பள்ளத்தையாவது அவள் தாண்டியிருக்கக் கூடாதா?

உங்களோடு இனி வாதாடுவதாக இல்லை. விதியை மாற்றத்தான் உங்கள் கையெழுத்து வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் போட யார் கையெழுத்தும் வேண்டாம் என்று கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டார். பதிப்பாசிரியப் பெண்ணிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்:

"எங்கள் மகளுக்கு. அவளுடைய கடைசி ஆட்டத்தில் அவளுக்காகப் பகடையை மறைக்க யாரும் இல்லை. இனி எந்தக் குழந்தைக்கும் அப்படி நேர வேண்டாம்."

இதைப் படிக்கிறவர்கள் எந்த விதியோடு ஆடுவது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். ஆகஸ்டில் அச்சுக்குப் போகிறது. உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாதென்று எழுதுகிறேன்.

வாண்டின் அம்மா


ஜூலை 25

என் கண்ணே,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை போய்விட்டது என்று தெரியும். ஆனால் இதை எழுத வேறு எந்தப் பெயரும் வரவில்லை.

அந்த மூன்று வரியை அச்சில் போடாதே. என் மானத்துக்காகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்வேன், இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அவளைப் பற்றிப் பொய்யான ஒன்று ஆயிரம் வீட்டுக்குள் போகக் கூடாது.

அன்றைக்கு நீ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கக் கீழே போயிருந்தாய். நான் வரைபடத்தை விரித்தேன். வழக்கம்போல அவளை ஜெயிக்க வைக்கிற உத்தேசத்தோடுதான் விரித்தேன், நம்பு. அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்தே பகடையை என் உள்ளங்கைக்குள் மூடி உருட்டி, நல்ல எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் முதல் விதியை உன் கண் முன்னாலேயே நான் மீறிக்கொண்டிருந்ததை நீ கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

"அப்பா, கையை எடு. பலகையில போடு" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"டாக்டர் மறைக்கிறாரு. நர்ஸ் அக்கா மறைக்கிறாங்க. அம்மா ரொம்ப மறைக்கிறாங்க. எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. நீயாவது மறைக்காம போடேன். செத்தா செத்ததுதான்."

அவளே தொடர்ந்து சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அப்போதுதான் நீ ரிப்போர்ட்டோடும் ஆப்பிளோடும் உள்ளே வந்தாய். கொஞ்ச நேரத்தில் இரண்டு விழுந்தது. நீ என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் உன் பக்கம் திரும்பியிருந்தால் என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறேனா என்று பார்த்தாள். அதனால்தான் "விழுந்துட்டா" என்று சொன்னேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள், அது உண்மை. நீ தட்டைக் கழுவப் போனபோது, "ஏமாத்தலைல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்த வாரத்தில் அவள் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

நீ என்னைப் போகச் சொன்னபோது இதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சத்தியம் நினைவுக்கு வந்தது. என்னை வெறுத்தாவது நீ எழுந்து நடமாடுகிறாயே என்றும் தோன்றியது. இன்றைக்கு அவளுக்குக் கொடுத்த வார்த்தையை அவளுக்காகவே மீறியிருக்கிறேன். செய்தது சரியா தெரியவில்லை.

பதில் போடு. ஒரு வரியானாலும் போதும்.

நடத்துநர்


ஆகஸ்ட் 30

வாண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் போட்ட இரண்டும் வந்தன. அவற்றை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கப் போவதுமில்லை.

சமர்ப்பணத்தை எடுத்துவிடச் சொன்னேன். மறைப்பு அட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றம்தான். ஆட்டம் ஆடிப் பார்த்த பிள்ளைகளுக்கு அட்டைதான் பிடித்திருந்ததாம். முதல் விதி பழையபடியே இருக்கும். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சாயங்காலமும் கீழே டாக்டரிடம் பேசிவிட்டு, மாடிப்படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி அறைக்குள் வருவேன். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பேன். அவள் உடனே வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். தன் அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பாள். நான் நீலம் என்றால் அவள் பச்சை என்பாள். பச்சை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று நான் சொல்ல, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பாள். கடைசியில் பச்சைதான் என்று விட்டுக்கொடுத்தேன். அன்றைக்கு அவளை ஜெயிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு எத்தனை பெருமை. ஆளை வைத்து அவள் உயிரோடு இருக்கும்போதே அறைக்குப் பச்சை வர்ணம் அடித்து முடித்துவிட்டேன். படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "சூப்பரா இருக்கும்மா" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறைக்குத் திரும்பப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே, எனக்காக நிறத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறாள். நான் அவளுக்கு மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிமூன்று வயதுக் குழந்தை எனக்கு மறைத்திருக்கிறாள். கடைசி வாரம் முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆனால் நான் அங்கே இல்லவே இல்லை. நீங்கள் மட்டும்தான் இருந்திருக்கிறீர்கள்.

அன்றைக்கே, தட்டைக் கழுவிவிட்டு வந்தபோதே, வராந்தாவில் என் கையைப் பிடித்து இழுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எனக்கும் ஒரு நாலு நாள் கிடைத்திருக்கும். அவளோடு சேர்ந்து அழுதிருப்பேன். பயமா இருக்காடி என்று கேட்டிருப்பேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இனி எந்தக் காலத்திலும் எனக்குத் தெரியாது. எல்லோர் கண் முன்னாலும் உருட்டுவேன் என்று நிற்கிற மனிதர் என்னிடம் மட்டும் கையை மூடி வைத்திருந்தீர்கள். அவள் சத்தியம் கேட்டாள், குழந்தை, கேட்பாள். நீங்கள் பெரியவர் இல்லையா?

இத்தனை வருஷமும் காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது உங்கள் மேல் இருந்த கோபம்தான். அதையும் அந்தக் கடிதத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது இருப்பதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. கோபமாக இருந்தால் என்றைக்காவது தணியும்.

அவள் ஆசைப்பட்ட நிறம் என்று அந்தப் பச்சை அறையில்தான் இவ்வளவு நாளும் தூங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அதற்குள் போகவே முடியவில்லை. கூடத்தில் படுக்கிறேன். நாளை வீட்டைக் காலி செய்துவிடுவேன். புது விலாசத்தைக் கம்பெனியில் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் கேட்காதீர்கள்.

வாண்டின் அம்மா